லண்டனிலும் பதினைந்து, ராமநாதபுரத்திலும் பதினைந்து

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ராமநாதபுரம் மாவட்டத்தில் முஸ்லிம்கள் ஏறத்தாழ 15 சதவீதம். பிரிட்டனில் 2021இல் எடுத்த கணக்கு, லண்டன் மாநகரத்திலும் முஸ்லிம்கள் 15 சதவீதம் என்கிறது. தமிழ்நாடு முழுவதையும் பார்த்தால் 5.86 சதவீதம், இங்கிலாந்தையும் வேல்ஸையும் சேர்த்துப் பார்த்தால் 6.5. மேற்கு நாடுகளில் முஸ்லிம்கள் பெருகிவிட்டார்கள் என்ற அச்சக் குரல் ஐரோப்பிய அரசியலில் ஓயாமல் கேட்கிறது. அந்த அச்சத்துக்குக் காரணமான விகிதத்தில்தான் தமிழ்நாடு பல நூற்றாண்டுகளாக வாழ்ந்துவருகிறது.

விகிதம் ஒன்றாக இருந்தும் வாழ்க்கை ஒன்றாக இல்லை. ஏன் என்று தெரிந்துகொள்ள, கடலோரத்திலிருந்தே தொடங்கலாம்.

கீழக்கரையிலிருந்து ஏர்வாடியைத் தாண்டித் தென்மேற்காகக் கரையை ஒட்டிப் போனால் வாலிநோக்கம் வரும். மன்னார் வளைகுடாவில் மீன்பிடிப்பும், தமிழ்நாடு உப்பு நிறுவனத்தின் உப்பளங்களும்தான் இந்த வட்டாரத்தின் பிழைப்பு. வாலிநோக்கம், ஏர்வாடி, கீழக்கரை, பெரியபட்டினம், தேவிபட்டினம், தொண்டி என்று முஸ்லிம்கள் சேர்ந்து வாழும் ஊர்கள் இந்தக் கரை நெடுகக் கிடக்கின்றன. அரபு வணிகம் செழித்த காலத்திலிருந்தே இங்கே இஸ்லாம் இருக்கிறது. கீழக்கரையின் பழைய ஜும்ஆப் பள்ளிவாசலைத் தூணும் போதிகையுமாகக் கட்டிய சிற்பிகளின் கையில் இருந்தது தமிழ்நாட்டுக் கோயில் கட்டும் கலை. அதே ஊரின் வள்ளல் சீதக்காதி ஆதரித்த உமறுப் புலவர், நபிகளின் வரலாற்றைத் தமிழ் விருத்தத்தில் சீறாப்புராணமாகப் பாடினார். முஸ்லிமாக இருப்பதும் தமிழராக இருப்பதும் இரண்டு வேலை என்று அந்தக் காலத்தில் யாரும் நினைத்ததாகத் தெரியவில்லை.

இந்த ஊர்களில் ஒரு முஸ்லிமின் பிறப்பு முதல் இறப்பு வரை உடன் வருவது ஜமாஅத் எனும் பள்ளிவாசல் சார்ந்த ஊர்க் கூட்டமைப்பு. நிக்காஹ் நடந்தால் பள்ளிவாசலின் பதிவுப் புத்தகத்தில் மாப்பிள்ளையும் பெண் தரப்பும் சாட்சிகளும் கையெழுத்திட வேண்டும். மணமகன் பெண்ணுக்குத் தரும் மஹர் எவ்வளவு என்பதும் அதிலேயே ஏறும். புருஷன் பெண்டாட்டி சண்டை, சொத்துப் பாகம், கொடுக்கல் வாங்கல் என்று எதுவானாலும் காவல் நிலையத்துக்குப் போகும் முன் பள்ளிவாசல் திண்ணையில் பேசிப் பார்ப்பார்கள். ரமலான் வந்தால் மாலையில் நோன்புக் கஞ்சி வாங்கத் தூக்குவாளியோடு பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். அந்த வரிசையில் பிற மதத்துப் பிள்ளைகளும் உண்டு. கஞ்சிக்கு மாநில அரசு பள்ளிவாசல்களுக்கு அரிசி ஒதுக்குகிறது. ஒரு வீட்டில் மையத்து விழுந்தால், அதாவது யாரேனும் இறந்தால், பள்ளிவாசல் ஒலிபெருக்கி அறிவிக்கும். குளிப்பாட்டுகிறவர், கபர் வெட்டுகிறவர், சந்தூக் எனும் பெட்டியைத் தோளில் ஏற்றுகிறவர்கள் எல்லாம் தாமாக வந்துசேர்வார்கள். பெரும்பாலும் அன்றைக்கே அடக்கம் முடிந்துவிடும்.

ஜமாஅத்தைப் புகழ்ந்துகொண்டே போவதும் நியாயமில்லை. அந்தத் திண்ணையில் பெண்ணுக்கு இடமில்லை. அவளுடைய மண வாழ்க்கையைப் பற்றிய பஞ்சாயத்தில்கூட அவள் சார்பில் ஒரு ஆண்தான் பேச வேண்டும். புதுக்கோட்டையில் ஷரீஃபா கானம் பெண்களுக்கென்று தனி ஜமாஅத் அமைத்ததற்குக் காரணமே இதுதான். ஆனாலும் ஒரு சிறுபான்மைச் சமூகம் அரசின் கையை எதிர்பாராமல் தன் காரியங்களைத் தானே பார்த்துக்கொள்ளும் வலு இந்த அமைப்பிலிருந்து வந்தது. இந்தக் கரையிலிருந்து மேற்கே போகிறவர் முதலில் இழப்பது இதைத்தான்.

சொந்த மண்ணிலும் எல்லாம் இனிமையாக இருந்துவிடவில்லை. அப்துல் கலாம் தன் வாழ்க்கை வரலாற்றில் ராமேஸ்வரம் தொடக்கப் பள்ளியில் நடந்த ஒன்றைப் பதிவு செய்திருக்கிறார். ஐந்தாம் வகுப்பில் தொப்பி அணிந்த சிறுவன் கலாம், கோயில் தலைமைக் குருக்கள் பட்சி லட்சுமண சாஸ்திரியின் மகன் ராமநாதனுக்குப் பக்கத்தில் முன்வரிசையில் உட்கார்வது வழக்கம். புதிதாக வந்த ஆசிரியருக்கு அது பொறுக்கவில்லை; கலாமைப் பின்வரிசைக்கு அனுப்பினார். இரண்டு சிறுவர்களும் வீட்டில் போய்ச் சொன்னார்கள். லட்சுமண சாஸ்திரி ஆசிரியரை வரவழைத்து, பிஞ்சு மனங்களில் விஷத்தைப் பரப்பாதே என்று கண்டித்தார். ஆசிரியர் வருந்தினார், பிறகு மாறினார். சிறுபான்மைப் பிள்ளையின் தலையில் இருக்கும் துணி, வகுப்பறையில் பிரச்சினையாவது பாரிஸில் தொடங்கிய கதை அல்ல. ராமேஸ்வரத்தில் அந்தப் பிரச்சினையை முடித்துவைத்தவர் பெரும்பான்மைச் சமூகத்தின் பெரிய மனிதர் ஒருவர். சட்டமோ வழக்கோ தேவைப்படவில்லை. அப்படிப்பட்ட ஒருவர் இல்லாத ஊரில் என்ன ஆகும் என்பதே மேற்கத்திய நாடுகளின் கடந்த நாற்பது ஆண்டு அனுபவம்.

இந்தக் கரை மக்கள் மேற்கே போவதற்கு வெகுகாலம் முன்பே மேற்கு இங்கே வந்துவிட்டது. 1538இல் மண்டபத்துக்கு அருகே வேதாளையில் போர்ச்சுகீசியர், கோழிக்கோட்டு சாமூதிரியின் ஆதரவில் வந்த முஸ்லிம் கடலோடிகளான மரக்கார்களின் படையை முறியடித்தார்கள். இலங்கையில் தங்கள் ஆட்சிப் பகுதிகளை விட்டு முஸ்லிம்கள் வெளியேற வேண்டும் என்று அவர்கள் உத்தரவிட்டது 1626இல். வெளியேறியவர்களுக்கு இடம் கொடுத்தவர் கண்டியின் பௌத்த மன்னர் செனரத். சுமார் 4,000 பேரை அவர் மட்டக்களப்புப் பகுதியில் குடியமர்த்தினார் என்று வரலாறு சொல்கிறது.

முஸ்லிம்களின் தனி வழக்கங்களை என்ன செய்வது என்ற கேள்வியைப் பின்னால் வந்த இரண்டு மேற்கத்திய அரசுகள் இரண்டு விதமாக அணுகின. அந்த வேறுபாடு இன்றைக்கும் முக்கியம். இலங்கையைப் பிடித்த பிரிட்டிஷார், முஸ்லிம்களின் திருமணம், வாரிசுரிமை பற்றிய வழக்கங்களைத் தொகுத்து 1806இல் சட்டமாக்கினார்கள். உங்கள் சமூகத்தை உங்கள் முறைப்படி நடத்திக்கொள்ளுங்கள், வரியும் விசுவாசமும் எங்களுக்கு என்பது அவர்கள் கணக்கு. பிரெஞ்சுக்காரர்களின் கணக்கு வேறு. புதுச்சேரி, காரைக்காலில் 1881இல் ஓர் ஆணை வந்தது: தன் சமூகத்தின் தனிச் சட்டத்தைத் துறப்பதாக ஒருவர் பதிவு செய்தால் அவர் பிரெஞ்சுச் சிவில் சட்டத்தின் கீழ் வருவார். சாதிக் கொடுமையிலிருந்து தப்ப நினைத்த தலித் மக்களும் கிறித்தவர்களும் அதிகமாகத் துறந்தார்கள். முஸ்லிம்கள் பெரும்பாலும் துறக்கவில்லை. சமத்துவம் வேண்டும் என்றால் சமூகத்தை வாசலில் விட்டுவிட்டு தனி மனிதராக உள்ளே வா என்ற பிரெஞ்சுக் கொள்கையை முதலில் எதிர்கொண்டவர்களில் காரைக்கால் மரைக்காயர்களும் உண்டு.

பிரிட்டிஷாரின் தாராளத்துக்கும் எல்லை இருந்தது. 1905இல் கொழும்பு உச்ச நீதிமன்றத்தில், யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த இளம் வழக்கறிஞர் எம்.சி. அப்துல் காதர் துருக்கித் தொப்பியோடு வாதாட எழுந்தார். தலைமை நீதிபதி லயார்ட் அதை ஏற்க மறுத்தார். அந்தச் சிவப்புத் தொப்பி அப்போது இலங்கையின் தமிழ் பேசும் முஸ்லிம்களின் அடையாளமாகிவிட்டிருந்தது. முஸ்லிம் தலைவர் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் முன்னின்று இதற்காகக் குழு அமைத்தார். அந்த ஆண்டின் கடைசி நாளில் மருதானைப் பள்ளிவாசலில் பெருங்கூட்டம் கூடியது. லண்டனில் சட்டம் படித்து விக்டோரியா அரசி காலத்து அரண்மனை வட்டாரத்தில் அறிமுகமான மௌலவி ரஃபியுத்தீன் அகமது பம்பாய்ப் பக்கத்திலிருந்து வந்து பேசினார். கடைசியில் தொப்பியோடு வாதாடும் உரிமை கிடைத்தது. இலங்கை முஸ்லிம்களின் நவீன அரசியல் விழிப்புக்கு இந்தத் தொப்பிப் போராட்டத்தை ஒரு தொடக்கமாகச் சொல்வார்கள்.

அதே 1905இல்தான் பிரான்ஸ், மதத்தையும் அரசையும் பிரிக்கும் சட்டத்தை இயற்றியது.

புதுச்சேரி, காரைக்கால் முஸ்லிம்கள் வணிகத்துக்காக பிரெஞ்சு இந்தோசீனாவுக்குப் போனார்கள். சைகோன் நகரின் நடுவே 1935இல் தென்னிந்திய முஸ்லிம்கள் கட்டிய பள்ளிவாசல் இன்றும் இருக்கிறது. 1962இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவுடன் சேர்ந்தபோது சிலர் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்டார்கள். வியட்நாமிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் அவர்கள் பிரான்சுக்குக் குடிபெயர்ந்தார்கள். கொள்ளுத் தாத்தா மறுத்த பழைய கேள்வி அங்கே அவர்களுடைய பேத்திகளுக்குக் காத்திருந்தது. மத அடையாளம் வெளிப்படத் தெரியும் உடைகளை அரசுப் பள்ளிகளில் தடை செய்யும் சட்டம் 2004இல் வந்தது. 2010இல் பொது இடங்களில் முகத்தை மூடுவதும், 2023இல் பள்ளிகளில் அபாயா எனும் தளர்ந்த நீள அங்கியும் தடைசெய்யப்பட்டன. பிரெஞ்சு அரசு கணக்கெடுப்பில் மதத்தைக் கேட்பதே இல்லை. அங்கே எத்தனை முஸ்லிம்கள் என்பதற்கு மதிப்பீடு மட்டுமே உண்டு.

பிரிட்டன் 2001 முதல் மதத்தைக் கேட்கிறது. கேட்கச் சொல்லி முன்னின்றவர்களில் முஸ்லிம் அமைப்புகளும் உண்டு. எண்ணப்பட்டால்தான் பள்ளியிலும் மருத்துவமனையிலும் தேவைகளைக் கேட்டு வாங்க முடியும் என்பது அவர்கள் வாதம். அதே 2001இல் லண்டன் மாநகரக் காவல் துறை, பெண் காவலர் சீருடையில் ஹிஜாபைச் சேர்த்துக்கொண்டது. ஆனால் அங்கும் பள்ளி வாசலில்தான் மல்லுக்கட்டு. லூட்டனில் ஒரு மாணவி நீள அங்கி அணிய உரிமை கேட்டுத் தொடுத்த வழக்கில், 2006இல் பிரபுக்கள் சபை பள்ளியின் பக்கமே தீர்ப்புச் சொன்னது. தமிழர்கள் நெருங்கி வாழும் வெம்ப்ளியில், மாணவர்களில் பாதிப்பேர் முஸ்லிம்களாக உள்ள மைக்கேலா பள்ளி, வளாகத்தில் தொழுவதைத் தடை செய்தது. ஒரு மாணவி வழக்குப் போட்டார். 2024 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் பள்ளியின் தடை செல்லும் என்றது. லுஹர் எனும் நண்பகல் தொழுகைக்கு ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்துக்கு இடம் கொடுத்தால் பிள்ளைகள் மத வாரியாகப் பிரிந்துபோவார்கள் என்று பள்ளி அஞ்சியது. அந்த அச்சத்தில் உண்மையே இல்லை என்று தள்ளிவிட முடியாது. ஆனால் பிரிவினைக்கு மருந்து, தொழுகிற பிள்ளையை நிறுத்துவதா, மற்றப் பிள்ளைகளுக்கு அதைப் பழக்கப்படுத்துவதா? ராமேஸ்வரத்துக் குருக்கள் எந்தப் பக்கம் நின்றார் என்பதைப் பார்த்தோம்.

அன்றாட வாழ்க்கையின் சிரமங்கள் செய்தியில் வராதவை. வாலிநோக்கத்தில் எந்தப் பருவத்தில் ரமலான் வந்தாலும் நோன்பு 13, 14 மணி நேரம். லண்டனில் ஜூன் மாதம் வந்தால் 18 மணி நேரத்துக்கு மேல். இரவு முழுவதும் அடிவானத்தில் வெளிச்சம் மங்காமல் நிற்பதால் இரவுத் தொழுகையான இஷா எப்போது, நோன்புக்கு முந்தைய சஹர் உணவு முடிவது எப்போது என்பதிலேயே ஆலிம்களுக்குள் கருத்து வேறுபாடு. பிறை விஷயத்தில் அங்கே ஒரே தெருவில் இரண்டு பெருநாள். இந்தச் சண்டைக்குத் தமிழ்நாட்டு ஊர்களும் இப்போது நன்றாகப் பழகிவிட்டன.

நிக்காஹ் இன்னும் சிக்கலானது. தமிழ்நாட்டில் 2009 சட்டப்படி திருமணத்தை அரசிடம் பதிய வேண்டும்; பதியாமல் போனாலும், பள்ளிவாசல் புத்தகத்தில் ஏறிய நிக்காஹ் செல்லாது என்று யாரும் சொல்வதில்லை. இங்கிலாந்துச் சட்டத்தில் அது செல்லாது. பதிவுபெற்ற இடத்தில், உரிய அதிகாரி முன்னிலையில் நடக்காத நிக்காஹ் சட்டத்தின் கண்ணில் திருமணமே இல்லை. இருபது வருடம் குடும்பம் நடத்திய பெண், பிரியும்போது வீட்டிலும் ஓய்வூதியத்திலும் பங்கு கேட்டால், நீ மனைவி அல்ல என்ற பதில் வரலாம். இப்படி ஒரு வழக்கில் 2020இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பெண்ணுக்குப் பாதகமாகவே முடிவு சொன்னது. நிக்காஹோடு அரசுப் பதிவையும் கட்டாயமாக்கலாம் என்று 2018இல் அரசு அமைத்த ஆய்வுக் குழு பரிந்துரைத்தது. முஸ்லிம் பெண்ணின் உடையைப் பற்றி மேடை மேடையாகப் பேசுகிறவர்கள், அவளுடைய நிக்காஹுக்குச் சட்டத்தில் ஓர் இடம் கொடுக்க இவ்வளவு தாமதிப்பது வேதனையாக இருக்கிறது. பதிவு அலுவலகத்துக்குப் போகவிடாமல் தள்ளிப்போடும் மாப்பிள்ளை வீட்டாருக்கும் இதில் பங்குண்டு.

மரணத்தில்தான் சிறுபான்மையின் நிலை முழுதாகத் தெரியும். லண்டனில் ஒருவர் இறந்தால் மருத்துவரின் சான்று, பதிவாளர் அலுவலகம், சந்தேகம் இருந்தால் மரண விசாரணை அதிகாரி என்று காகிதம் நகர வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை இறந்தவர் திங்கள் வரை குளிர்பெட்டியில் காத்திருக்க நேரலாம். வடக்கு லண்டனில் ஒரு விசாரணை அதிகாரி, மத காரணத்துக்காக யாருக்கும் முன்னுரிமை இல்லை, வந்த வரிசைப்படிதான் என்று விதி வைத்திருந்தார். அதை எதிர்த்து நீதிமன்றம் போனவர்கள் யூதர்கள். அவர்கள் மார்க்கத்திலும் உடனடி அடக்கம் கடமை. 2018இல் உயர் நீதிமன்றம் அந்த விதி சட்டவிரோதம் என்றது. யூதர்கள் பெற்ற தீர்ப்பு முஸ்லிம் மையத்துகளுக்கும் வழி திறந்தது. கிழக்கு லண்டன் அருகே ஹைனால்ட்டில் முஸ்லிம்களுக்கென்றே பெரிய மையவாடி ஒன்று 2002 முதல் இயங்குகிறது.

அந்த 2018 தீர்ப்புக்கு இரண்டு ஆண்டுகள் கழித்து கொரோனா வந்தது. பிரிட்டிஷ் அரசின் அவசரச் சட்ட வரைவு, இறந்தவரின் மத விருப்பத்தை மீறி உடலை எரிக்க உள்ளாட்சிகளுக்கு இடம் தந்தது. பிராட்ஃபோர்ட் மேற்குத் தொகுதியின் முஸ்லிம் நாடாளுமன்ற உறுப்பினர் நாஸ் ஷா திருத்தம் கோரினார். மற்றக் கட்சியினரும் சேர்ந்தார்கள். அரசு வரைவை மாற்றியது. அதே மாதங்களில் இலங்கையில், புதைப்பதால் ஆபத்தில்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியும், கொரோனாவில் இறந்த முஸ்லிம்களின் உடல்கள் கட்டாயமாக எரிக்கப்பட்டன. பிறந்து சில வாரங்களே ஆன ஒரு குழந்தையின் உடலும் எரிந்தது. 2021 பிப்ரவரியில்தான் அந்த உத்தரவு விலக்கப்பட்டது. அரசு மன்னிப்புக் கேட்டது 2024 ஜூலையில். தமிழ் பேசும் இலங்கை முஸ்லிம்கள் லண்டன் தெருவில் நின்று, சொந்த நாட்டில் தங்கள் மையத்துகளுக்கு மண் கேட்டுப் போராடினார்கள். மேற்கு பகை, கிழக்கு உறவு என்று எளிதாகப் பிரித்துப் பேசுகிறவர்கள் இந்த ஓர் ஆண்டை மறக்கக் கூடாது.

அந்த இலங்கை முஸ்லிம்களின் நினைவில் இன்னொரு காயமும் இருக்கிறது. 1990 அக்டோபர் 30 அன்று யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை இரண்டு மணி நேர அவகாசத்தில் விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். வட மாகாணம் முழுவதிலும் ஏறத்தாழ 75,000 பேர் இப்படித் துரத்தப்பட்டார்கள். பெரும்பாலோர் புத்தளத்தில் முகாம்களில் தங்கினார்கள். சிலர் லண்டன், பாரிஸ், டொரன்டோ போய்ச்சேர்ந்தார்கள். அங்கே அவர்களுடைய பக்கத்துக் கடைக்காரர் யாழ்ப்பாணத்துத் தமிழர். மொழி ஒன்று, கடையில் வாங்கும் முருங்கைக்காய் ஒன்று, வலி மட்டும் தனித்தனி.

பிரிட்டனின் வெள்ளை இனவெறியருக்கு இந்த நுணுக்கம் எதுவும் தெரியாது. 2024 ஜூலை இறுதியில் சவுத்போர்ட்டில் மூன்று சிறுமிகள் கொல்லப்பட்டபோது, கொன்றவன் முஸ்லிம் அகதி என்று பொய் பரவியது. மறுநாள் கும்பல் அந்த ஊரின் பள்ளிவாசலைக் கல்லால் அடித்தது. அடுத்த நாள் காலையில் உள்ளூர் மக்களும் கொத்தனார்களும் வந்து இடிந்த சுவரைக் கட்டிக்கொடுத்தார்கள்.

மேற்கத்திய நாடுகளில் தமிழ் முஸ்லிம், சிறுபான்மைக்குள் சிறுபான்மை. பள்ளிவாசலுக்குப் போனால் உருதும் வங்காளமும் அரபும் கேட்கும். கிழக்கு லண்டனில் டவர் ஹாம்லெட்ஸ் வட்டாரத்தில் ஏறத்தாழ 40 சதவீதம் முஸ்லிம்கள், பெரும்பாலும் வங்காளதேசத்தவர். தமிழ்ச் சங்க விழாவுக்குப் போனால் நிகழ்ச்சி குத்துவிளக்கிலும் பக்திப் பாடலிலும் தொடங்கும். இரண்டிலும் விருந்தாளியாகவே இருந்து பழகிய பிள்ளை, கடைசியில் ஆங்கிலத்தில் தன்னை வெறும் முஸ்லிம் என்று மட்டும் சொல்லிக்கொள்கிறது. ஹாரோவில் இலங்கை முஸ்லிம்கள் பண்பாட்டு மையம் ஒன்றை நிறுவியிருப்பது இந்த வெற்றிடத்தை நிரப்பத்தான். சிங்கப்பூரில் கதை வேறு. 1826இல் சோழமண்டலக் கரை வணிகர்கள் தொடங்கிய ஜாமிஆ சூலியா பள்ளிவாசலில் இன்றும் தமிழில் பயான் எனும் மார்க்கச் சொற்பொழிவு நடக்கிறது. ஏறத்தாழ இரு நூற்றாண்டு ஆகியும் தமிழ் அங்கே நிலைத்ததற்குக் காரணம், பள்ளிவாசலைக் கட்டியவர்களே மொழியையும் அதற்குள் கட்டினார்கள் என்பதே.

லண்டனிலோ பாரிஸிலோ இதைச் செய்ய விரும்புகிறவர்களுக்குக் கீழக்கரையிலேயே ஒரு கருவி இருக்கிறது. அரபு எழுத்தில் தமிழை எழுதும் அர்வி எனும் அரபுத்தமிழ் அது. கீழக்கரையின் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) மார்க்கச் சட்டங்களை விளக்கும் ஃபத்ஹுத் தய்யான் நூலை அந்த எழுத்தில்தான் எழுதினார். தமிழெழுத்துப் படிக்க வாய்ப்பில்லாத இந்தக் கரையின் பெண்கள், குர்ஆன் ஓதக் கற்ற எழுத்தைக் கொண்டே தங்கள் பேச்சு மொழியில் மார்க்கத்தைப் படித்தார்கள். இன்று புலம்பெயர்ந்த வீடுகளில் வளரும் பிள்ளையின் நிலை ஏறத்தாழ அதுவே: உம்மா பேசும் தமிழ் காதில் புரிகிறது, மதரஸாவில் அரபு எழுத்து படிந்துவிட்டது, தமிழ் எழுத்து மட்டும் தெரியாது. அரபில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காக ஆலிம்கள் புள்ளி கூட்டி உண்டாக்கிய சில எழுத்துகளைச் சேர்த்துக் கற்றால் போதும். அந்தப் பிள்ளை தன் கொள்ளுப் பாட்டி படித்த நூலைத் திறந்து படிக்க முடியும். அந்த நூல்களில் பல இன்னும் கீழக்கரை, காயல்பட்டினம் வீடுகளின் பெட்டிகளில் கிடக்கின்றன. அவற்றைத் தெளிவான அச்சில் புதுப்பித்து வெளியிடும் பொறுப்பை இந்தக் கரையின் அறக்கட்டளைகளும் கல்லூரிகளும் ஏற்றுக்கொண்டால், முதல் வாசகர்கள் ஹாரோவிலும் டொரன்டோவிலும் இருப்பார்கள்.